வெள்ளை பூசிய தொப்பி

என்னைப் பெற்ற அத்தாவைத் திருடன் ஆக்கப் பார்த்தது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அத்தா சமையல்காரர். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு அறை. அங்கே அத்தாவின் தகரப் பெட்டியில், பெருநாள் சட்டைக்கு அடியில், சின்ன வெயில் தொப்பி ஒன்று கிடந்தது. பிரம்புக் குச்சிகள் மேல் துணி வைத்துத் தைத்தது. விசிறி போல மடங்கும்; விரித்தால் வட்டமாக நிற்கும். ஒருநாள் அம்மா துணி துவைக்கப் போயிருந்தபோது அதைக் கண்டுபிடித்தேன். பழுப்பேறிக் கிடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. துரையின் கான்வாஸ் பூட்சுக்கு அத்தா பூசும் வெள்ளைக் கட்டியைக் குழைத்து, மடிப்பு மடிப்பாகப் பூசினேன். காய்ந்ததும் அன்றைக்குத்தான் கடையில் வாங்கியது போல ஆகிவிட்டது. அப்புறம் சும்மா இருக்க முடியுமா? தலையில் வைத்துக்கொண்டு பங்களா முன்னால் உலாத்தப் போனேன்.

துரைசாணி கைக்குழந்தையோடு வராந்தாவில் இருந்தாள். இந்தத் துரை குடும்பம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குழந்தைக்கென்று அவள் வாங்கிய மடிப்புத் தொப்பி, புத்தம் புதுசு, மூன்று நாளாகக் காணோம். என் தலையிலிருந்ததை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அத்தாவைக் கூப்பிட்டாள்.

"நீ எடுத்தியா?"

அத்தா தொப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளிறி நான் கண்டதில்லை. பழசு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் சொல்லவில்லை. திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிவிட்டால் மலையில் எந்தப் பங்களாவிலும் அடுப்படிக்குள் விடமாட்டார்கள் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். பாவாடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"நான்தானுங்க வெள்ளை பூசுனேன். இது பழசுங்க," என்றேன்.

துரைசாணி நம்பவில்லை. எனக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. தோட்டத்து டோபி, வெளுக்க வரும் ஒவ்வொன்றிலும் சேராங்கொட்டைப் பாலால் அழியாத குறி போடுவார். பங்களாவில் ஆளுக்கு ஒரு குறி. தொப்பியின் உள்பட்டையிலும் ஒன்று இருந்தது.

"டோபி மாமாவைக் கேளுங்க. குறி இருக்குதுங்க."

"வேண்டாங்க," என்றார் அத்தா. "நான் எடுத்ததாவே இருக்கட்டுங்க."

அதற்குள் ஆள் போய்விட்டது. பின்கட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த டோபி வந்து, உள்பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூணு புள்ளி, ஒரு கோடு. பழைய தொரையோட பாப்பா குறிங்க. போட்டு நாலு வருசம் இருக்குங்க." பிறகு அத்தாவிடம் திரும்பினார். "ஏனுங்க பாய், அந்தப் பாப்பா காய்ச்சல்ல மவுத்தானப்ப அது சாமானை எல்லாம் எரிக்கச் சொல்லி உங்க கையிலதானே குடுத்தாங்க?"

துரைசாணி தொப்பியைக் கீழே போட்டாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அம்மா ஈரத் துணியோடு வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

"இதையா ஊட்டுல வச்சிருந்தீங்க?" என்றாள் அம்மா.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் அடுப்படிக்கு ஓடியாரும்," என்றார் அத்தா. "நெருப்புல போட மனசு வரலை."

அத்தா திருடன் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் மறுநாள் காலையில் நாங்கள் மாட்டு வண்டியில் மலை இறங்கினோம். இவ்வளவு நல்ல சாட்சி சொல்லியும் ஏன் அனுப்புகிறார்கள் என்று எனக்கு ஒரே மனத்தாங்கல்.

பர்லியார் வருவதற்குள் அம்மா நாலு முறை என் தாடையைப் பிடித்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, வாயைத் திறக்கச் சொன்னாள். வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தா ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"வெள்ளையா ஏதாச்சும் தெரியுதா?"

அந்தப் பாப்பாவைக் கொண்டுபோன காய்ச்சல் தொண்டைக்குள் வெள்ளையாகப் படர்ந்து மூச்சை அடைக்கும் என்பது, நான் பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு, பூட்ஸ் வெள்ளையைத் தின்றுவிட்டேனா என்று தேடுகிறார்கள் என்றே நினைத்தேன். அல்லா மேல் சத்தியமாக ஒரு துளிகூட வாயில் வைக்கவில்லை என்று அழுதேன். அம்மா மறுபடியும் வாயைத் திறக்கச் சொன்னாள்.