கோப்பாய்க்குப் போன கப்பி

ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் இறங்கினேன். தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மதவாச்சியில் வண்டி மாறி வந்த களைப்பு கண்ணிலேயே இருந்தது. மதுரையில் நான் படித்த காலத்தில் பக்கத்து அறையில் இருந்த கந்தையா மேடையில் காத்து நின்றார். இப்போது தெல்லிப்பழையில் புகையிலைத் தோட்டம் செய்கிறார்.

"வாரும், வாரும்! வீட்டை போக முந்தி ஒருக்காக் கடைக்குப் போட்டுப் போவம்" என்று என் பெட்டியைப் பறித்துக்கொண்டார்.

பெரியகடைச் சந்தைப் பக்கத்தில் புதிதாக ஒரு மலிவுக் கடை. ஜப்பானிலிருந்து வந்த கத்தி, சுத்தியல், ரம்பம், பூட்டு எல்லாம் சாக்கு விரித்துக் குவிக்கப்பட்டிருந்தன. சீமைச் சாமானைத் தொட்டுப் பார்த்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தவர்கள் இங்கே ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

கந்தையாவுக்குக் கிணற்றுக்கு ஒரு கப்பி வேண்டும். கோடையில் நீர் இறங்கிவிட்டதால் கிணற்றை ஆழமாக்கப் போகிறார். மேலே கப்பியைக் கட்டி, அதில் ஓடும் கயிற்றில்தான் ஆள் உள்ளே இறங்க வேண்டும். பச்சை வர்ணம் பூசிய கப்பி ஒன்றை எடுத்துச் சுழற்றி, காதோடு வைத்துக் கேட்டார்.

"என்ன வழுக்கலா ஓடுது, பாரும்!"

நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. விலை ஒரு ரூபா இருபது சதம். பக்கத்துக் கடையில் சீமைக் கப்பி மூன்றரை ரூபா. கடைக்காரர் வெற்றிவேலு முப்பது வயது மதிக்கத்தக்கவர். "நம்பிக் கொண்டுபோங்கோ அண்ணை" என்றார். மனைவிக்கென்று ஒரு கத்தியும் வாங்கிக்கொண்டார் கந்தையா.

தெல்லிப்பழை ஒன்பது மைல். பஸ்ஸுக்கு ஆளுக்கு இருபது சதம். வழியெல்லாம் செம்மண், அறுவடை முடிந்த தோட்டங்கள் வெயிலில் கிடந்தன.

பிற்பகல் நான்கு மணிக்குக் கப்பியைக் கிணற்றின்மேல் கட்டினார்கள். கந்தையாவின் மைத்துனர் முருகேசு கயிற்றைப் பிடித்தார். கந்தையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக் கட்டின்மேல் ஏறும்போது, பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பாக்கியம் கத்தியோடு எழுந்து வந்தார்.

"இஞ்சேருங்கோ, கத்தி நல்ல கத்தி. கப்பி எப்பிடியெண்டு ஆருக்குத் தெரியும்? முதல் கல்லை இறக்கிப் பாருங்கோ."

"நீர் பயப்பிடாதையும். உருட்டிப் பாத்துத்தானே வாங்கினனான்."

"உருண்டால் மட்டும் போதுமே? உங்களைத் தாங்க வேணுமெல்லோ?"

கந்தையா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் இறங்கி வந்தார். பெரிய கடகக் கூடையில் சுண்ணாம்புக் கற்களை அடுக்கிக் கயிற்றில் கட்டினோம். கடகம் பாதி ஆழம் போயிருக்கும். படீரென்று ஒரு சத்தம். கப்பியின் தலையில் இருந்த கொளுக்கி முறிந்து, எல்லாம் கிணற்றுக்குள் விழுந்து மோதின.

கந்தையா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "சொன்னேனே" என்று பாக்கியம் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"கல்லுத்தானே, எடுக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுக் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

மேலே கட்டோடு மிஞ்சியிருந்த துண்டைக் கழற்றிப் பார்த்தோம். வெளியே பச்சை மினுக்கம்; உள்ளே காற்றுக் குமிழி பிடித்த பொள்ளல் இரும்பு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே கடை. சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் போனோம். வெற்றிவேலு துண்டைக் கையில் வாங்கினார். பொள்ளலுக்குள் விரலை வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஆள் ஆரும் இறங்கினதோ?"

"இல்லை. மனுசி விடேல்லை."

"இன்னொண்டும் வித்தனான், அண்ணை. கோப்பாய் ஆள். வீடு கட்டுறன் எண்டு சொன்னவர். பேர் கேக்கேல்லை."

கடைக்குள் நின்றவர்களைப் மாலையில் வரச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார். வாடகைக் கார் ஒன்றை மறித்தார். நாங்களும் ஏறிக்கொண்டோம். கோப்பாய் ஐந்து மைல்தான். அன்று அது முடியாத தூரமாக இருந்தது. சந்தியில் இறங்கி, யார் வீடு கட்டுகிறார்கள் என்று இரண்டு இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தோம்.

பச்சைக் கப்பியில் கூரைக்கான பனைமரம் ஒன்று அந்தரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே வேலையாட்கள் நின்றார்கள்.

"விலகுங்கோ! எல்லாரும் விலகுங்கோ!" என்று கத்திக்கொண்டே வெற்றிவேலு ஓடினார்.

ஆட்கள் சிதறினார்கள். மரத்தை மெல்ல மெல்ல இறக்கினார்கள். கொளுக்கி முறியவில்லை. வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உதுக்கு என்ன குறை? எவ்வளவு மரம் தூக்கினது!"

"ஒரு குறையும் இல்லாமலும் இருக்கலாம், ஐயா. எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் வித்தனான். திருப்பித் தாங்கோ."

வீட்டுக்காரர் மரத்தைப் பார்த்தார். தள்ளி நின்ற ஆட்களைப் பார்த்தார். பிறகு கப்பியைக் கழற்றிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை சீமைக் கப்பியில் கந்தையா கிணற்றில் இறங்கினார். அதிலும் முதலில் கல்லை இறக்கிப் பார்க்க வைத்தார் பாக்கியம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மாலையில் சேறு பூசிய உடம்போடு மேலே வந்த கந்தையா, "புது ஊத்துத் திறந்திட்டுது!" என்று கூவினார்.

செவ்வாய் மாலை வண்டியேறினேன். எங்கள் கும்பகோணத்திலும் இப்போது மலிவுச் சாமான்கள் குவிகின்றன. வேண்டாமென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஏழை வீட்டில் ஒரு கத்தி, ஒரு ரம்பம் சேருவது நல்லதுதான். ஆனால் அவற்றை விற்பவர், விற்ற பொருளில் சந்தேகம் வந்தால் கடையைப் பூட்டிவிட்டு என் வீடு தேடி ஓடி வருவாரா என்பதுதான் தெரியவில்லை.