கார் கதவுக்குள் ஒரு ஏரி

நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருப்பவன் நான். காரிலாவது அமைதி கிடைக்கட்டும் என்று போன வாரம் ஒரு கடையில் கொடுத்து நான்கு கதவுகளுக்குள்ளும் சத்தம் தடுக்கும் ஷீட் ஒட்டவைத்தேன்.

நேற்று நல்ல மழை. இன்று பிள்ளையார்பாளையத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் கதவுக்குள் தண்ணீர் குலுங்குகிறது.

நேரே கடைக்குப் போனேன். ஒட்டியவர் முன்பு தறி நெய்தவர். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்கென்றே இருக்கும் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்திருக்கிறார்.

"ஒரு இழை கூட இடைவெளி விடல சார்" என்றார் பெருமையாக.

"அப்போ தண்ணி எப்படிப்பா வெளிய போவும்?"

"வெளிச் சத்தம் எதுனா உள்ள கேக்குதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா சார் கொற சொல்றீங்க?"

தாமல் ஏரிக்கே மதகு இருக்கிறது. என் கதவுக்கு இல்லை.

ஒழுங்காக ஒட்டத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மீன் வளர்ப்பவர்களும் தொடர்பு கொள்ளலாம்.