மேனேஜரின் வயிறு

மிருக ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஸ்கேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாகப் பூனைகளின் வயிற்றை மழித்து, வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய ஜெல்லைத் தடவி, கத்தி வைக்காமலே உள்ளே என்ன கோளாறு என்று திரையில் பார்த்துச் சொல்கிறவள். குடல் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று மூன்று இடத்தில் அளப்பாள். கருவியை அழுத்திப் பிடித்தால் சுவர் நசுங்கி, நோய் இருந்தும் இல்லாத மாதிரி எண் வரும். அந்தத் தப்பு அவள் கையில் வந்ததே இல்லை.

அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத பூனைக்காரர்கள் ஊரில் குறைவு. "எத்தனை நாளா வாந்தி?" என்று கேட்பாள். யாராவது பதில் சொல்லாமல் மென்று விழுங்கினால் தொலைந்தார்கள். "அதுக்குத்தான் வாய் இல்ல. உங்களுக்குக் கண்ணுமா இல்ல?"

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ்ஸுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்த அவள் கணவர் எழுந்திருக்கவில்லை. பத்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள், அதுவும் உறைக்கவில்லை. சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. உடம்பெல்லாம் மரத்துப்போன மாதிரி நாட்கள் நகர்ந்தன.

வீட்டில் மிச்சம் இருந்தது அவர் வளர்த்த மஞ்சள் பூனை. சோபாவில் சாய்ந்துகொண்டு அடுத்தவர் வேலையை மேற்பார்வை பார்ப்பதால், அவர் வைத்த பெயர் மேனேஜர். சாயங்காலம் அவர் வரும் நேரம் ஆனால் இன்னமும் வாசலில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு நாள் அதைத் தூக்கி உள்ளே விடும்போது முதுகெலும்பு வரிசையாகக் கையில் தட்டுப்பட்டது. மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு கூடையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துவந்தாள்.

மூன்று இடத்திலும் அளந்தாள். இரண்டு புள்ளி மூன்று, இரண்டு புள்ளி நான்கு, மறுபடி இரண்டு புள்ளி மூன்று.

"நார்மல்தான் டாக்டர்."

அவளைவிடப் பத்து வயது சின்னவரான டாக்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, கையைக் கொஞ்சம் லூஸா விடுங்க."

அப்போதுதான் பார்த்தாள். அழுத்திய அழுத்தில் தன் நகங்கள் வெளுத்திருந்தன. மேனேஜரின் வயிறு குழிந்திருந்தது. கையைத் தளர்த்தினாள். திரையில் குடல் சுவர் மெல்ல உப்பி, மூன்று புள்ளி ஒன்பதில் நின்றது. நடுவில் தசை அடுக்கு கறுப்பாகத் தடித்திருந்தது.

"சாதாரண வீக்கமாவும் இருக்கலாம், புத்துநோயாவும் இருக்கலாம்," என்றார் டாக்டர். "ஸ்கேன்ல பிரிச்சுச் சொல்ல முடியாது, உங்களுக்குத் தெரியாததா? ரத்தமும் மலமும் டெஸ்டுக்கு அனுப்புவோம். சாப்பாட்டை மாத்திப் பார்ப்போம்." படிவத்தை எடுத்தார். "எத்தனை நாளா வாந்தி அக்கா?"

தினமும் காலையில் வாசல் பக்கம், கணவரின் செருப்புக்குப் பக்கத்தில், மஞ்சளாகக் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். துணியை எடுத்துத் துடைப்பாள், பிழிந்து காயப்போடுவாள், வேலைக்குக் கிளம்புவாள். ஒரு நாள்கூட அது வாந்தி என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"நான்தான் டாக்டர் தினமும் தொடச்சேன்," என்றாள். "அவர் இருந்திருந்தா முதல் நாளே தூக்கிட்டு ஓடி வந்திருப்பார்."

படிவத்தை டாக்டர் கையிலிருந்து வாங்கி, நாட்கள் என்ற கட்டத்தில் 'நான்கு மாதம்' என்று அவளே எழுதினாள்.

"அதுக்குத்தான் வாய் இல்ல..." என்று ஆரம்பித்தாள். நான்கு மாதமாக வராத அழுகை, ஜெல் பிசுபிசுத்த கையோடு நின்றபோது வந்தது.

மேனேஜர் தன் வயிற்றை நக்கப் பார்த்தது. அவள் துணியை எடுத்து ஜெல்லைத் துடைத்துவிட்டாள், இந்த முறை பார்த்துக்கொண்டே.