வர்க்கியும் பெரிய ஸ்கூட்டரும்

குன்னூரிலிருந்து எமரால்டு போகும் பஸ்ஸில் வர்க்கி டின்னோடு ஏறினால் கண்டக்டர்களுக்கு என்மேல் வரும் கோபம் தனி ரகம். டின்னை டிரைவர் பக்கத்தில் வைத்தால் கியர் போட இடைஞ்சல், படிக்குப் பக்கத்தில் வைத்தால் ஆள் ஏற இடைஞ்சல், மடியில் வைத்தால் இரண்டு ஆள் இடம். பேக்கரியில் தொட்டால் உதிரும் ஊட்டி வர்க்கியும் ரஸ்க்கும் வாங்கி கேத்தி, பாலாடா, இத்தலார், எமரால்டு வரைக்கும் டீக்கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் அது கைச்செலவுக்கான தொழில். என் கணவர் ஒரு இலை ஃபேக்டரியில் டீ மேக்கர். இலை எவ்வளவு வாட வேண்டும், எப்போது உருட்ட வேண்டும், எப்போது அடுப்பேற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் மூக்குதான் சொல்லும். அந்த வேலையில்தான் எங்கள் வீடு நடந்தது.

அப்புறம் தேயிலை விழுந்தது. பச்சை இலைக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே காணாது என்றானதும் சிறு விவசாயிகள் பறிப்பதையே விட்டார்கள். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. சிலர் பிடுங்கிப் போட்டுவிட்டு கேரட் விதைத்தார்கள். இலை வராததால் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. மீதி நாளிலும் இவர் சட்டை மாட்டிக்கொண்டு போய், கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். வீடு என் டின்மேல் வந்து உட்கார்ந்தது. அதே சமயத்தில் காலை பஸ்ஸும் நினைத்தால் வரும், நினைத்தால் வராது என்றாகிவிட்டது.

பக்கத்து வீட்டு டீச்சரின் சின்ன ஸ்கூட்டரில் ஓட்டப் பழகியிருந்தேன். ஒரு ஜூன் மாதம் அதை இரவல் வாங்கிக்கொண்டு இத்தலார் பக்கம் போனேன். ஒரு வளைவில் காற்று பக்கவாட்டில் வந்து வண்டியை அப்படியே எதிர்ப் பக்கத்துக்குத் தள்ளியது. எதிரே கேரட் லாரி. டிரைவர் நல்ல மனுஷன், நிறுத்திவிட்டான். இறங்கி வந்து ஒன்றும் திட்டவில்லை, என் வண்டியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் அந்த வளைவு வந்தால் சின்ன ஸ்கூட்டரை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

சில நாள் கழித்து குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வண்டி நிற்பதைப் பார்த்தேன். ஸ்கூட்டர்தான், ஆனால் முன்பக்கம் காளை மாதிரி அகலம். கண்ணாடித் தடுப்பு, பெரிய சக்கரம், நீளமான சீட், சீட்டுக்கு அடியில் ஒரு மூட்டையே போடலாம் போல இடம். கால் வைக்கும் இடம் மட்டும் சமமாக இல்லை, நடுவில் மேடு. சுற்றுலா வந்த ஒரு ஜோடியின் வண்டி அது. நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து அந்தப் பெண் "உக்காந்து பாருங்கக்கா" என்றாள். உட்கார்ந்தேன். மேக்ஸி ஸ்கூட்டர் என்று பெயர் சொன்னாள். இதைவிடப் பெரியதும் உண்டாம், இது நடுத்தரம். வண்டி நிற்கும்போதே அதன் கனம் தெரிந்தது. இதைக் காற்று தள்ளாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது இவர், "டீ கெடக்கற கெடையில பெரிய வண்டி எதுக்கு?" என்றார். டீக்கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், வீட்டுக்காரருக்குப் புல்லட் வாங்கிக் கொடுத்தாலாவது அர்த்தம் உண்டு என்றார். டீச்சர்கூட, தன் வண்டி மாதிரியே ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார், டின்னைக் காலடியில் வைத்துக்கொள்ளலாமே என்று. எல்லோருக்கும் யோசனை இருந்தது. இத்தலார் வளைவில் தினமும் போகப்போகிறவள் நான் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒரு மாதம் போல வீட்டில் இதே பேச்சு. கடைசியில் இவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டார் என்பதைவிட, சலித்துப்போய் விட்டுவிட்டார் என்பதுதான் சரி.

ஷோரூம் கோயமுத்தூரில் இருந்தது. என் கொழுந்தன் அங்கே வண்டிகளுக்கு அலங்காரச் சாமான் மாட்டும் கடையில் வேலை பார்த்தான். அவன்தான் கூட்டிப்போனான். சேல்ஸ்மேன் பையன் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை என் கணவரிடம்தான் பேசினான். "சார் உயரத்துக்கு இது கரெக்டா இருக்கும்" என்றான். ஓட்டப்போவது நான் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, மைலேஜ் பற்றி மறுபடி இவரிடம் விளக்கினான். நான் ஏறி உட்கார்ந்தால் கால்விரல் மட்டும்தான் தரையில் பட்டது. சமதளத்தில் பரவாயில்லை, எங்கள் ஊரில் சமதளம் எங்கே இருக்கிறது? மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னை ஒரு மேம்பாலத்துக்குக் கூட்டிப்போனான். அவன் ஊரில் மேடு என்றால் அதுதான். வண்டி அதில் சிரமமே இல்லாமல் ஏறியது, இறங்கியது. "பாத்தீங்களா மேடம்" என்றான். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஆனாலும் வண்டி பிடித்திருந்தது. சேமிப்பைப் போட்டு, மீதிக்குத் தவணை எழுதிக் கொடுத்து எடுத்தோம்.

நான் கொழுந்தனிடம் கேட்டது மூன்றே விஷயம். பின்னால் ஒரு பெட்டி, அதைத் தாங்க ஒரு கம்பிச்சட்டம், சீட்டைக் கொஞ்சம் செதுக்கி இறக்க வேண்டும். வண்டியை அவனிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்தோம். திரும்பி எடுக்கப் போனபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்னால் என் தலை உயரத்துக்கு ஒரு கண்ணாடி, இரண்டு பக்கமும் தடித்த கிராஷ் கார்டு, கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குகள், சைலன்சருக்குப் பளபளவென்று ஒரு மூடி, ஆறு விதமாகக் கத்தும் ஹாரன். எல்லாம் அண்ணிக்கு அவனுடைய அன்பளிப்பு. சீட் அப்படியே இருந்தது. பெட்டிக்கு ஆர்டர் போட்டிருக்கிறானாம். பிரியமாகச் செய்தவனிடம் என்ன சொல்வது? நன்றி சொன்னேன்.

புது வண்டியில் இருவராக மலையேற இவருக்கு இஷ்டமில்லை. பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். நான் தனியாக ஏறினேன். பர்லியாறு வரை ராஜ சவாரி. அதற்கு மேலே மூட்டம் இறங்கியதும் அந்த உயரக் கண்ணாடி உள்ளும் புறமும் வேர்த்துவிட்டது. அதன் வழியாகவும் தெரியவில்லை, அதற்கு மேலாகவும் எட்டிப் பார்க்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தித் துப்பட்டாவால் துடைப்பேன். அடுத்த வளைவுக்குள் மறுபடி பால் மாதிரி ஆகிவிடும். வெள்ளை விளக்கைப் போட்டால் மூட்டத்தில் பட்டு என் கண்ணிலேயே திரும்பி அடித்தது. கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்த்தபோது கிராஷ் கார்டு தார் ரோட்டில் உரசிப் பொறி பறந்தது. பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு முன்னால் வந்துவிட்ட இவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் நேராகக் கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "அண்ணி, கோயமுத்தூர்ல ஆருமே இப்பிடிச் சொன்னதில்லீங்க" என்றான்.

அந்த மழைக்காலம் முழுவதும் போட்டதைக் கழற்றுவதிலேயே போனது. குன்னூர் மெக்கானிக் கண்ணாடியை என் மோவாய் உயரத்துக்கு அறுத்துக் கொடுத்தார். மழை நெஞ்சில் அடிக்காது, கண்ணுக்கும் வழி தெரியும். கிராஷ் கார்டு போனது. விளக்கு மேல் மஞ்சள் தாள் ஒட்டினோம். ஹாரனைப் போலீஸ்காரரே நிறுத்திக் கழற்றச் சொன்னார், அந்த ஒரு ஆள்மேல்தான் எனக்குக் கோபம் வரவில்லை. சீட்டைச் செதுக்கியவர் ஒரு பக்கம் அதிகமாக எடுத்துவிட, கோணலாக உட்கார்ந்தே கொஞ்ச நாள் ஓட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுபடி போய்ச் சரி செய்தேன். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கு என்று போர்டு வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் கியரே இல்லை. இன்ஜினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி லேசாக ஆக்சிலரேட்டரைப் பிடித்தபடியே பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி இறங்க வேண்டும் என்பதை, பிரேக் கருகிய வாசனை மூக்கில் ஏறிய ஒரு நாளில் நானாகத்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு வழியாகப் பெட்டி வந்தது. முதல் நாள் டின்னை அதில் வைத்து எமரால்டு வரை போனேன். மழையில் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பெருமையாக மூடியைத் திறந்தேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத ஸ்பூன் போட்டுத்தானுங்க விக்கோணும்" என்றார். வண்டியின் பின் ஸ்பிரிங் அவ்வளவு கெட்டி. ஒவ்வொரு குழியும் வர்க்கிக்குள் இறங்கி எல்லாம் தூளாகியிருந்தது. பஸ்ஸில் என் மடியில் போன நாளில் ஒன்றுகூட உடைந்ததில்லை. எல்லாத் தூளையும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று வழியில் வண்டியை நிறுத்தி, யாருமில்லாத ஒரு தோட்டத்து ஓரத்தில் நின்று நன்றாக அழுதேன்.

அந்தப் பெட்டி விஷயத்தில்தான் இவர் முதல்முறையாக வண்டிப் பக்கம் வந்தார். கேட்டில் நின்று திரும்புவது நின்றுபோய், வாசலில் உட்கார்ந்து பழைய டியூபைப் பட்டை பட்டையாக வெட்டினார். இலை வாட்டும் தொட்டியில் விரிக்கும் வலையில் கிழிந்து போட்டதை ஃபேக்டரியிலிருந்து கேட்டு வாங்கி வந்தார். டின் பெட்டியின் அடியிலோ பக்கத்திலோ படாமல், நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும்படி கட்டினார். கட்டிவிட்டுப் பெட்டியைக் கையால் குத்திப் பார்ப்பார், காது வைத்துக் கேட்பார், அவிழ்த்து மறுபடி கட்டுவார். ஃபேக்டரி பாதி நாளானதிலிருந்து அவ்வளவு முனைப்பாக அவரை நான் பார்த்திருக்கவில்லை. அப்புறம் மேல் வரிசை மட்டும்தான் உடைந்தது. அதை நாங்களே தின்றோம்.

அடுத்த கோடையில் ஃபேக்டரி மொத்தமாக மூடியது. இலை உருட்டும் மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வந்து இவர் சாப்பிடவில்லை. கொழுந்தன் போன் செய்தான். கோயமுத்தூரில் பார்சல் டெலிவரிக்கு ஆள் எடுக்கிறார்கள், சொந்த வண்டி இருந்தால் போதும் என்றான். மறுநாள் காலையில் நான் டின்னைக் கட்டிக்கொண்டிருந்தபோது இவர் வந்து நின்றார்.

"வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். நீ கொஞ்ச நாளைக்கு பஸ்ல போயேன்" என்றார்.

டின்னைக் கட்டிய பட்டையை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

"ஏனுங்க, இந்த வண்டி கீழ ஓடறதுக்கு வாங்குனதில்லீங்க. எனக்கு வேணும்" என்றேன்.

"எம் பொழப்பு?"

"எம் பொழப்பும் இதுலதானுங்க இருக்குது. இதையும் உட்டுட்டா ரெண்டு பேருக்குமே இருக்காது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டினார். அந்த வாரமே ஒரு பையோடு பஸ் ஏறிப்போய், கோயமுத்தூரில் ஒரு குடோனில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தார். புருஷனைச் சுமை தூக்க அனுப்பிவிட்டு இவள் பெரிய வண்டியில் சுற்றுகிறாள் என்று எங்கள் தெருவில் பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். மேக்ஸி ஸ்கூட்டருக்கு பெல்ட் அறுந்தால் குன்னூரில் கிடைக்காது, கீழேயிருந்து வரும்வரை டின்னைத் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தோட்டத்து லயங்களில் குடியிருந்த கூலி ஜனங்கள் பாதிப்பேர் திருப்பூருக்குப் போனதும் இத்தலாரில் ஒரு கடை மூடியது, பிறகு எமரால்டிலும் மூடியது. நான் ஊட்டியைத் தாண்டி கிளென்மார்கன் வரை கடை பிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் டின்னோடு பஸ்ஸில் போய்த் திரும்பியிருக்கவே முடியாது.

பொங்கலுக்கு வந்த இவர் லீவு முடிவதற்குள் ஒரு நாள், தானும் கூட வருவதாகச் சொன்னார். என் பின்னால் அவர் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை. பைக்காரா ரோட்டில் வெயில் அடித்தும் கை விறைத்தது. கிளென்மார்கன் போகும் வழியில் பறிக்காமல் விட்ட ஒரு தோட்டத்தைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்க் கொழுந்து ஒன்றைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, வெகுநேரம் மோந்து பார்த்தார்.

"இந்த எலைக்கு என்ன கொறைன்னு சொல்லு" என்றார்.

எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டீக்கடைகளில் காலைக் கூட்டம் கலைந்துவிட்டால் வர்க்கி எடுக்க மாட்டார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அவரைப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்து ஏறினார். பெட்டிக்குப் போட்ட சட்டம் பின்கைப்பிடியை மறைத்துவிட்டதால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கொஞ்ச தூரம் தொடையில் கை வைத்தபடி வந்தார். இறக்கம் வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.