பனிமலைக்கு எழுதிய விண்ணப்பம்

போன வருடம் ஆகஸ்ட் மாதம், அவுஸ்திரேலியக் குளிர்காலத்தில், விக்டோரியா மலைகளில் பனி நன்றாகக் கொட்டியிருந்தபோது நடந்தது இது. நான் சிட்னியில் நார்த்மீட்டில் இருக்கிறேன். என் மனைவியின் தம்பி மெல்பேர்னில், கிரான்பர்னில் இருக்கிறான். மச்சானுக்கும் எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது, வயிறும் முன்னால் வந்துவிட்டது. அதைக் கரைக்க நடக்கத் தொடங்கி, நடை பைத்தியமாகி, கடைசியில் பனிமலை ஏறுவோம் என்பதில் வந்து நின்றது.

நாங்கள் பார்த்த மலைக்கு இரண்டு வழிகள். ஒன்று மேட்டு முதுகு வழியாகச் சுற்றிப் போவது. மற்றது, பனி உறைந்த செங்குத்துச் சரிவில் நேரே ஏறுவது. அந்தச் சரிவின் படத்தைப் பார்த்த அன்றே மச்சான் முடிவெடுத்துவிட்டான். "சுத்திப் போறதெண்டால் ஏன் அத்தான் மலைக்குப் போக வேணும்? பார்க்கிலயே நடக்கலாமே" என்றான்.

வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவனை முழுசாக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் பிடித்த வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண். உங்கள் அனுபவத்தை வைத்துத்தான் வழியை முடிவு செய்வேன் என்று ஒரு படிவம் அனுப்பினார். சப்பாத்தில் இரும்பு முள் பூட்டி நடந்ததுண்டா? சறுக்கினால் கோடாலியைப் பனியில் குத்தி நிற்கத் தெரியுமா? இப்படிப் பல கேள்விகள்.

இங்கே என் வியாதியைச் சொல்லத்தான் வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வேலைக்கு எழுதி எழுதிக் களைத்தவன் நான். 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்' இல்லை என்றே எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். அனுபவம் உண்டா என்று கேட்டால் 'ஓம்' என்று எழுதிவிட்டு உள்ளே போய்ப் பழகிக்கொள் என்று எனக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லித் தந்தார்கள். அப்படித்தான் முதல் வேலையை எடுத்தேன். பழகிய கை படிவத்தைக் கண்டால் சும்மா இருக்குமா? இரண்டு பேருக்கும் எல்லாக் கேள்விக்கும் 'ஓம்' போட்டேன். இலங்கையில் சிவனொளிபாதமலை ஏறியதையும் அனுபவத்தில் சேர்த்தேன். அங்கே படிக்கட்டு இருப்பதை மட்டும் எழுதவில்லை. வழிகாட்டி நம்பினார். செங்குத்து வழி முடிவாகியது.

ஏற வேண்டிய நாள் காலை சரிவின் அடியில் குந்தியிருந்து முள்ளைப் பூட்டினோம். வழிகாட்டி சற்றுத் தள்ளி நின்று கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். சரிவு கண்ணாடி போலப் பளபளத்தது, சறுக்கினால் வந்து மோதும் அடிப்பக்கத்தில் கறுப்புப் பாறைகள் துருத்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் மச்சான் இடக்கால் முள்ளை வலக்காலில் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "இது ஏன் அத்தான் பூட்டுப்படுகுதில்ல?" என்று என்னைக் கேட்டான். அலுவலகத்தில் தெரியாததைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுச் சமாளிக்கலாம். இங்கே சறுக்கினால் யாரைக் கேட்பது? ஏட்டுச் சுரைக்காயைக் கறி வைக்க மலைவரை கொண்டுவந்திருக்கிறேனே என்று என்னையே திட்டினேன்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, வழிகாட்டியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் பனியில் கால் வைத்ததே நேற்றுத்தான் என்றேன். அவர் மச்சானின் கால் முள்ளைக் குனிந்து பார்த்தார். பிறகு, இதையே பாதிச் சரிவில் வைத்துச் சொல்லியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

எங்களைப் பக்கத்திலிருந்த சாய்வான வெளிக்குக் கூட்டிப்போய் அன்று முழுக்க நடக்கவும் விழவும் பழக்கினார். மத்தியானம் மச்சான் உண்மையாகவே சறுக்கினான். கோடாலி கைநழுவ, மூட்டை போல உருண்டு கீழே மெத்தென்ற பனிக்குவியலில் போய் விழுந்தான். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். தாடியெல்லாம் பனி. சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அத்தான், என்னால நிக்க ஏலாமப் போச்சு" என்றான் மெல்ல. இருவரும் அந்தப் பாறைகள் இருந்த பக்கம் பார்த்தோம். அவனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்பாடா என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

மறுநாள் சுற்று வழியால் ஏறினோம். உச்சியில் சிக்னல் கிடைத்ததும் மனைவிக்குப் போன் எடுத்தேன். அவள் முதலில் கேட்டது தம்பியைத்தான். "முழுசா இருக்கிறான்" என்றேன்.

இப்போதும் ஏதாவது படிவம் வந்தால், தெரியாததற்கு நேரே 'இல்லை' என்று எழுதும்போது, பனியில் குளித்து எழுந்த மச்சானின் முகம் வந்து போகிறது, என் மனசும் லேசாகிவிடுகிறது.