மண்ணுக்குள் தட்டும் சத்தம்

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்த தர்மேந்திரன் பொம்பா என்கிற தீயணைப்புப் படையில் சேர்ந்த புதிதில், தீயணைப்பு வண்டியின் ஊதல் கேட்டால் போதும், லைனே வாசலுக்கு வந்துவிடும். "நம்ம தர்மன் போறான் லா!" என்று கை காட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியிலேயே அவர் வயசும் போய்விட்டது. தலைக்கு மேல் சைரன், பக்கத்தில் தண்ணீர் பம்பு, மழைக்காலம் வந்தால் ரோட்டில் விழுந்த மரத்தை அறுக்கும் ரம்பம். காதுக்கு மூடி கொடுக்கத்தான் செய்தார்கள். அதை மாட்டிக்கொண்டால் குழாய் பிடிக்கிறவன் கத்துவது எப்படிக் கேட்கும்? கழுத்தில் தொங்கவிட்டபடியே வேலை பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

முதலில் குருவிச் சத்தம் போனது. அப்புறம் கூட்டத்தில் பேசுகிற பேச்சு போனது. காதுக்குள் 'கீ' என்ற இரைச்சல் மட்டும் குடிவந்து தங்கிவிட்டது. வெளியே சொன்னால் வண்டியிலிருந்து இறக்கி மேசை வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்று வாயே திறக்கவில்லை. எதிராளியின் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடித்தார். பிடிபடாவிட்டால் சிரித்துவைத்தார். சாவு வீட்டிலும் ஒரு தரம் அப்படிச் சிரித்துவிட்டார். அதோடு நாலு பேர் கூடுகிற இடத்துக்கே போவதில்லை.

"ஏங்க, நான் என்ன செவுத்தோடயா குடும்பம் நடத்துறேன்?" என்று மனைவி நளினி முகத்துக்கு நேரே வந்து நிற்பாள். அதற்கும் சிரிப்புத்தான்.

இந்த மழைக்குத் திரிங்காப்பில் மலை சரிந்து, காய்கறி கட்டுகிற கொட்டகை மண்ணுக்குள் போனது. உள்ளே லோரிக்காரர் முருகையா. எந்தப் பக்கம் தோண்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதிகாரி கையைத் தூக்கினார். எல்லா இயந்திரங்களும் நின்றன. உயிரோடு இருக்கிற ஆள் தட்டினால் கேட்க வேண்டுமே! ஆளுக்கு ஓர் இடமாகப் படுத்து, மண்ணுக்கு மேல் தெரிந்த கொட்டகைத் தகரத்தில் காதை வைத்தார்கள். கேட்டவன் கையைத் தூக்கினால் அங்கே தோண்டுவார்கள். தலையை ஆட்டினால் அந்த இடத்தைக் கைவிட்டு நகர்வார்கள்.

தர்மேந்திரனுக்கு வாய்த்தது கொட்டகையின் ஒரு மூலை. காதை அழுத்தி வைத்தார். 'கீ'. மறு காதை வைத்தார். அதே 'கீ'. அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டால் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. மண்ணுக்குள் கிடக்கிறவனின் கதி?

எழுந்து, பக்கத்தில் படுத்திருந்த குகனை உலுக்கினார்.

"என்னண்ணே, கேக்குதா?"

"எனக்குக் காதே கேக்காதுடா. ரொம்ப வருசமா. நீ வந்து இங்க வை!"

தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சரிவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"வெளாடாதீங்கண்ணே."

"படுடா!"

குகன் படுத்தான். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு அவன் கை மெல்ல மேலே எழுந்தது.

மண்வெட்டிகளெல்லாம் அந்த மூலைக்கு ஓடின. தர்மேந்திரனும் ஒன்றை எடுத்தார். அதிகாரி அதைப் பிடித்து வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னார். முகம் மலைப்பக்கம் திரும்பியிருந்தது. தர்மேந்திரன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"கேக்கல, துவான். என்னைப் பாத்துச் சொல்லுங்க."

அதிகாரி திரும்பி, "மலை மறுபடி சரிஞ்சா நாங்க கத்துறது உங்களுக்குக் கேக்காது" என்று வண்டியைக் காட்டினார்.

மற்றவர்கள் சேற்றில் நிற்க, அவர் மட்டும் வண்டிக்குள் உட்கார்ந்தது அன்றுதான். கண்ணாடி வழியாகப் பார்த்தார். முருகையாவைத் தூக்கி எடுத்தார்கள், கால் அசைந்தது. எல்லோருடைய வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. குகனைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். வண்டிப் பக்கம் யாரும் திரும்பவில்லை. தர்மேந்திரன் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.