கெங்கம்மாளின் வீட்டுக் கூவல்

பெங்களூர் ஆங்கிலப் பேப்பர் ஒன்றில் சாக்ஸபோன்காரன் கலீலுல்லாவின் கேசட்டைப் பற்றிக் கால் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர் போஸ்ட் மாஸ்டர் அதைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார். அதிலுள்ள மூன்றாவது உருப்படி 'ஜவ்வாது மலையின் பழைய நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து பிறந்தது' என்று போட்டிருந்ததாம். எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாஸை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது பாட்டே கிடையாது. பழையதும் கிடையாது. எழுதினவனுக்கு அது தெரிய நியாயமில்லை. கலீலுல்லாதான் அப்படிச் சொல்லி மழுப்பியிருப்பான், வேறென்ன சொல்வான் பாவம். நடந்தது தெரிந்தவர்கள் நாலே பேர். அதில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

என் பெயர் கோபால். ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் என் கடை வாசலில்தான் சுமையை இறக்கி மூச்சு வாங்குவார்கள். கெங்கம்மாள் அப்படித்தான் பழக்கம். புளிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் நடந்து வருவாள். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள், பேசினால் சுருக்கென்று இருக்கும். "உன் பொட்டிங்கோ எல்லாம் பேசுதுண்ணா, நீ ஒருவாட்டி வாய மூடேன்" என்பாள். அவளுக்கு முன்னால் நான் வாயை மூடியதேயில்லை. மூடியிருக்கலாம்.

அவள் ஊரில் பதினோரு வீடுகள். சரிவுக்குச் சரிவு தள்ளித்தள்ளி இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் வீட்டுப் பாறைமேல் ஏறி நின்று, காட்டிலோ சாமைக் கொல்லையிலோ இருக்கிற புருஷனைக் கூவி அழைப்பாள். வார்த்தை கிடையாது, வெறும் குரல். ஒரு வீட்டுக் கூவல் மாதிரி இன்னொரு வீட்டுக் கூவல் இருக்காது. கல்யாணமாகிப் புதுக்குடித்தனம் போகும்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டிக்கொள்வது அது. பெண் கூவுவது ஒரு பாதி. மேலே ஏறி, நடுவில் ஒரு மடிப்பு மடிந்து, உச்சியில் போய் அப்படியே நின்றுவிடும். புருஷன் எங்கிருந்தாலும் மறுபாதியைக் கொடுத்து அதைக் கீழே இறக்கவேண்டும். அதற்கு எதிர் என்று பெயர். அடுத்த வீட்டுக் கூவலுக்கு ஒருவன் எதிர் கொடுத்துவிட்டால் அன்றைக்கே பஞ்சாயத்துதான். அடுத்தவன் பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்ததற்கு என்ன தண்டனையோ அதே தண்டனை.

கெங்கம்மாளின் புருஷன் கண்ணாயிரம் எழுபத்தாறாம் வருஷம் தை மாசம் ஒரு மேஸ்திரியோடு குடகு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனான். பத்துப் பேர் போனார்கள், ஒன்பது பேர் திரும்பினார்கள். "அவன் பாதியிலயே எங்கயோ பூட்டான்" என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டான். மைசூரில் ஒரு பொம்பளையோடு பார்த்ததாக ஒருத்தன் சொன்னான். காய்ச்சலில் போய்விட்டான், தோட்டத்திலேயே புதைத்துவிட்டார்கள் என்று இன்னொருத்தன். கண்ணால் பார்த்தேன் என்று யாரும் சொல்லவில்லை. கருமாதி செய்துவிடு என்று ஊரார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவள் மசியவில்லை. கூப்பிட ஒருத்தி இருக்கிறவரை அவன் வரவேண்டியவன்தான் என்றுவிட்டாள். குழந்தையும் இல்லை. தினமும் பாறைமேல் ஏறினாள், கூவினாள், இறங்கிவந்து அடுப்பை மூட்டினாள்.

கலீலுல்லா வாணியம்பாடிக்காரன். மாமன் வைத்திருப்பது தோல் பதனிடும் ஷாப். இவன் மட்டும் பெங்களூருக்கு ஓடி, கண்டோன்மெண்ட் பக்கத்து கிளப்புகளில் சாக்ஸபோன் வாசிக்கப் போய்விட்டான். ஜாஸ் என்று ஒரு சங்கீதம். நாலு பேர் ஒன்றாக ஆரம்பிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள், கடைசியில் எப்படியோ ஒன்று சேர்ந்துகொள்வார்கள். முதலில் கேட்டபோது டேப்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்து மூடியைத் திறந்துவிட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதன்பின் கேட்கக் கேட்க எனக்கே பிடித்துப்போனது.

பத்து வருஷம் அடுத்தவன் மெட்டையே வாசித்து அவனுக்கு அலுத்துவிட்டது. "கோபால், அமெரிக்காக்காரன் அவன் ஊர் சத்தத்தில இருந்து எடுத்தான். நான் எங்க ஊர் சத்தத்தில இருந்து எடுக்கணும் இல்ல?" என்பான். ஒரு டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தான். மாமன் ஷாப்பில் தோல் ஊறும் மரப்பீப்பாய் சுற்றுகிற சத்தத்தைப் பிடித்தான். மலையேறும் பஸ் கியர் மாற்றித் திணறுவதைப் பிடித்தான். ரிக்கார்டரின் பெல்ட் அறுந்து என் கடைக்கு வந்தபோது, மலைமேல் வேறென்ன சத்தம் உண்டு என்று கேட்டான். நான் என் பெருமைக்காக இந்தக் கூவல் சமாசாரத்தை அவிழ்த்துவிட்டேன்.

எண்பத்தொன்று மாசியில் இரண்டு பேரும் மலை ஏறினோம். "கெங்கம்மா, ஒருவாட்டி கூவு, பாய் புடிச்சிக்கட்டும்" என்றேன். அவள் என்னை முறைத்தாள்.

"வெளையாட்டுக்கெல்லாம் கூவமாட்டேன். சாயங்காலம் எப்பவும் போலக் கூவுவேன், வேணும்னா புடிச்சிக்க. ஆனா ஆம்பளைங்க கிட்ட நிக்கக் கூடாது."

கலீலுல்லா பாறைமேல் கருவியை ஓடவிட்டு வைத்தான். நாங்கள் கீழே கானாற்றுக்கு இறங்கிப் போய்விட்டோம். தூரத்தில் மூன்று தடவை அவள் கூவியது கேட்டது. உச்சியில் நின்ற அந்தக் குரலை இறக்கிவைக்க ஆளில்லாமல் காடே சும்மா இருந்தது. அவள் வீட்டுக்குப் போன பிறகு ஏறிப் பார்த்தால், டேப் முடிந்து தானாக நின்றிருந்தது.

இரண்டு வருஷம் கழித்துக் கேசட் வந்தது. பெங்களூரில் நாலு பேராகப் பதிவு செய்தது. எது எந்தச் சத்தத்திலிருந்து பிறந்தது என்று தன் கையாலேயே தமிழில் ஒரு தாளில் எழுதி, ஒரு கேசட்டோடு எனக்கும் அனுப்பியிருந்தான். முதலாவதைக் கேட்டால் பீப்பாய் உருளும், இரண்டாவதைக் கேட்டால் வயிற்றைப் புரட்டும், அச்சு அசல் பஸ். மூன்றாவதற்கு நேரே 'கெங்கம்மா அக்காவுக்கு' என்று மட்டும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சந்தை நிறையக் கேட்கட்டும் என்று வாசல் ஸ்பீக்கரில் அதைப் போட்டேன்.

கெங்கம்மாள் அப்போதுதான் கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். சாக்ஸபோன் அவள் வீட்டுக் கூவலை எடுத்தது. குனிந்தவள் நிமிர்ந்தாள். கூவல் மேலே போய் மடிந்து உச்சியில் நின்றது. டிரம்முக்காரன் கையைக் கட்டிக்கொண்டான். பிறகு அதே சாக்ஸபோன், அடிக்குரலில், ஒரு ஆண் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவதுபோல, மறுபாதியைச் சொல்லி அதைக் கீழே இறக்கியது. கெங்கம்மாள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ண்ணா, எதிரு."

"இன்னா எதிரு?"

"எங்க வூட்டு எதிருண்ணா. கூவல பாய் அன்னிக்கி புடிச்சாரு, சரி. எதிர யாரு குடுத்தது? எங்க ஊர்ல செத்தாலும் ஒருத்தன் வாயத் திறக்கமாட்டான். அத அவரு மட்டுந்தானே குடுப்பாரு?"

அப்போது நான் வாயை மூடியிருக்கவேண்டும். "பாய் பெங்களூரு, மைசூருன்னு ஊர் ஊரா சுத்தற ஆளு, கெங்கம்மா. எங்கனா கண்ணாயிரத்தப் பாத்திருப்பாரு" என்றேன். நன்றாக யோசித்துச் சொன்னதாகவே அப்போது நினைத்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

கூடையை என் கடைக்குள் தள்ளிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். நானும் கடையைச் சாத்திக்கொண்டு கூடப் போனேன். வாணியம்பாடி போக ஆம்பூரில் பஸ் மாறினோம். பஸ்ஸில் அதிகம் போய்ப் பழக்கமில்லாதவள், ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அன்றைக்குப் பேசின பேச்சு அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை.

"இன்னொருத்தியக் கட்டிக்கினு இருந்தாலும் பரவால்லண்ணா. நான் சண்டைக்குப் போவமாட்டேன். உசுரோட கீறாருன்னு தெரிஞ்சா போதும்." கொஞ்ச தூரம் போனதும், "இல்ல, ஒரு கேள்வி கேக்காம வுடமாட்டேன்" என்றாள். அப்புறம் கூச்சத்தோடு, "நான் ரொம்ப கிழவியாட்டம் ஆய்ட்டனா? பாத்தா அடையாளம் தெரியுமா?" என்று கேட்டாள். முன்னைக்கு இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாய் என்றேன். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

கலீலுல்லா அந்த வாரம் வாணியம்பாடி வீட்டில்தான் இருந்தான். அவளைப் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "லத்தீஃபா, யார் வந்திருக்காங்க பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டு, டீ போடச் சொல்லி, நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கெங்கம்மாள் உட்காரவில்லை.

"அவர எங்கே பாத்தீங்க?"

"யாரை அக்கா?"

நான் இடையில் புகுந்து விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. எதிர் என்று ஒன்று உண்டு என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. கூவலைப் பற்றி அவ்வளவு அளந்த நான், அதை அவனுக்குச் சொல்ல மறந்திருக்கிறேன்.

"அக்கா, நான் யாரையும் பார்க்கல. அது நீங்க கொடுத்ததுதான். நான் அதையும் பாட்டோட ரெண்டாவது வரின்னு நினைச்சேன்."

"நான் எங்க குடுத்தேன்? எதிர நான் எப்படிக் குடுப்பேன்?"

அவன் உள்ளே போய், மலையில் பிடித்த பழைய டேப்பைத் தேடி எடுத்துவந்து போட்டான். காற்றுச் சத்தம். அவள் கூவினாள். மறுபடி கூவினாள். மூன்றாவது தடவை கூவி நின்றாள். அதன்பின் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. எங்கோ ஒரு மாட்டு மணி. டேப் முடியப்போகிற நேரத்தில், வாய்க்குள்ளேயே, தூங்குகிற பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒரு பெண் குரல் எதிர் கொடுத்தது.

கெங்கம்மாள் தரையில் உட்கார்ந்து டேப் ரிக்கார்டரிடம் காதை வைத்துக்கொண்டாள். "இன்னொருவாட்டி போடுங்க" என்றாள். அவன் போட்டான். மூன்றாவது தடவையும் கேட்டாள்.

"நாந்தான்" என்றாள். "எனக்கே தெரியாதே. தெனமும் இப்படித்தான் பண்ணிக்கினு இருந்தேனா?"

லத்தீஃபா டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கெங்கம்மாள் அவளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"எங்கூர்ல, செத்தவருக்காவ பொஞ்சாதி ஒரே ஒரு தரம் எதிர் குடுப்பாம்மா. குழிய மூடின பின்னால. அதோட அந்த வூட்டுக் கூவல் முடிஞ்சிது. ஊரே சொல்லியும் நான் மாட்டேன்னு நின்னேன். என் வாயே எனக்குத் தெரியாம அவர அனுப்பிட்டுக் கீது."

கலீலுல்லா அழுதுவிட்டான். கேசட்டுகளைத் திருப்பி வாங்கிவிடுகிறேன், இந்த டேப்பை அழித்துவிடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். "உங்க கொழல்ல அவரு குரலாட்டமே இருந்துச்சி" என்று மட்டும் சொன்னாள். அது குற்றம் சொன்னதா, நன்றி சொன்னதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிறகு அவள் எழுந்து நின்றாள். கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, நடுக்கூடத்தில், நட்டநடுப் பகலில், வாசலைப் பார்த்துக் கூவினாள். மலையில் ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குப் போகிற குரலுக்கு அந்தச் சின்ன வீட்டில் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. தெருவில் போன சைக்கிள் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்கள். கூவல் மேலே போய் மடிந்து உச்சியில் நின்றது. கலீலுல்லாவின் கை தன்னையறியாமல் சாக்ஸபோனிடம் போனது. போன வேகத்தில் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் காத்திருந்தாள். நாங்களும் வாசலையே பார்த்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு ஆள் தோளில் துண்டோடு உள்ளே வருவான் என்று நான் நிஜமாகவே நம்பினேன். யாரும் வரவில்லை. அப்புறம் கெங்கம்மாள் முழுக்குரலில், ஒவ்வொரு சுருளையும் தெரிந்தே, தானே எதிர் கொடுத்தாள். கொடுத்து முடித்ததும் கழுத்துத் தாலிக்கயிற்றைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, "பொழுதோட மலை ஏறணும்ண்ணா, வா போலாம்" என்றாள்.